ரசீது பிரிண்டரில் நிரலிலிருந்து பில் அடிப்பது எப்படி, அதுவும் தமிழில்?

கேள்வி இதுதான். பைதானில் பில் போடும் நிரல் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். அது பிடிஎஃப் கோப்பை உருவாக்குகிறது, லேசர் பிரிண்டரில் அழகாக வருகிறது. அதே கோப்பை 80 மில்லிமீட்டர் தெர்மல் பிரிண்டருக்கு (சூட்டால் அச்சிடும் ரசீது பிரிண்டர்) அனுப்பினால் எழுத்தெல்லாம் எறும்பு வரிசை மாதிரி சிறுத்துப்போகிறது, கீழே வெற்றுப் பேப்பர் வீணாக ஓடுகிறது, கட்டர் வெட்டுவதில்லை. சரி, பிடிஎஃப் வேண்டாம் என்று எழுத்தாகவே அனுப்பினால் ஆங்கிலம் வருகிறது. தமிழ் வரவேண்டிய இடத்தில் கிரேக்க எழுத்தும் கோணல் குறிகளும் வருகின்றன. எங்கே தவறு? பில்லோடு மற்ற ஆவணங்களையும் இதில் அடிக்கலாமா?

லேசர் பிரிண்டருக்குப் பழகிய கை தடுக்கி விழும் இடம் இது. லேசர் பிரிண்டர் முழுப் பக்கத்தையும் வாங்கி, உள்ளுக்குள் வரைந்து முடித்து, பிறகுதான் தாளில் இறக்கும். ரசீது பிரிண்டருக்குப் பக்கம் என்ற நினைப்பே கிடையாது. ஒரு பைட் வரும், படிக்கும். அடுத்த பைட் வரும், படிக்கும். எழுத்தாக இருந்தால் வரியில் சேர்த்துக்கொள்ளும், கட்டளையாக இருந்தால் நிறைவேற்றும், 10 என்ற பைட் வந்தால் அதுவரை சேர்த்த வரியை அடித்துவிட்டுப் பேப்பரைத் தள்ளும். அவ்வளவுதான் அதன் உலகம். (பேஜ் மோட் என்று ஒன்று பல மாடல்களில் உண்டு. லேபிள் மாதிரி வேலைகளுக்கு உதவும். பில்லுக்கு அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.)

ஆகவே உங்களுக்கு இருக்கும் வழிகள் இரண்டு. எழுத்துகளையும் கட்டளைகளையும் நேரடியாக அனுப்புவது ஒன்று. பில் முழுவதையும் நீங்களே கறுப்பு வெள்ளைப் படமாக வரைந்து, புள்ளி புள்ளியாக அனுப்புவது இன்னொன்று. ஆங்கிலமும் எண்களும் மட்டும் என்றால் முதல் வழி வேகமானது, துல்லியமானது. தமிழ் வேண்டுமென்றால் இரண்டாவது வழி. பல பேர் முதல் வழியிலேயே கோட் பேஜ் (எந்த பைட்டுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை), ஃபான்ட் என்று நாள் கணக்கில் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் இரண்டாவதுக்கு வருகிறார்கள். நீங்கள் அந்த நாட்களை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

பிடிஎஃப் ஏன் சிறுத்தது என்பது வெறும் கணக்கு. 80 மில்லிமீட்டர் ரோலில் பிரிண்ட் ஹெட் (பேப்பரைச் சுட்டு அச்சிடும் பகுதி) அடிக்கக்கூடிய அகலம் 72 மில்லிமீட்டர்தான். ஏ4 தாளின் அகலம் 210. அதை 72-க்குள் திணித்தால் எல்லாமே மூன்றில் ஒரு பங்காகிவிடும். 10 பாயின்ட் எழுத்து 3.4 பாயின்டுக்கு இறங்கிவிடும். 297 மில்லிமீட்டர் உயரமும் 102 ஆகும். பில் பக்கத்தின் மேல் கால்வாசியில் முடிந்திருந்தாலும் அந்த 102 மில்லிமீட்டரும் ஓடித்தான் தீரும். பிடிஎஃப்பை விடவே முடியாத கட்டாயம் இருந்தால் பக்க அகலத்தை 204 பாயின்டாக வைத்து (72 மில்லிமீட்டர் என்பது அவ்வளவு), உயரத்தை உள்ளடக்கத்துக்கு ஏற்ப ஒவ்வொரு பில்லுக்கும் கணக்கிட்டு உருவாக்குங்கள். ஏ4-ஐச் சுருக்கி ரசீது ஆக்கும் மந்திரம் எதுவும் இல்லை, தேடாதீர்கள்.

இந்த வகை பிரிண்டர்களில் பெரும்பாலானவை அங்குலத்துக்கு 203 புள்ளிகள் அடிப்பவை. மில்லிமீட்டருக்கு 8 புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். 72-ஐ 8-ஆல் பெருக்கினால் 576. உங்கள் உலகத்தின் அகலம் இனி அதுதான்: 576 பிக்சல். 58 மில்லிமீட்டர் ரோல் என்றால் அடிக்கும் அகலம் 48 மில்லிமீட்டர், 384 பிக்சல். எப்சனின் சில மாடல்கள் 180 புள்ளிக் கணக்கில் ஓடும், அவற்றில் 512. வாங்கிய பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் 576 பிக்சல் அகலத்துக்கு ஒரு சதுரக் கட்டம் வரைந்து அடித்துப் பாருங்கள். வலது கோடு காணாமல் போனால் உங்கள் பிரிண்டரின் அகலம் அதைவிடக் குறைவு.

நிரலைத் தொடும் முன் இன்னொரு வேலை. பிரிண்டரை அணைத்துவிட்டு, பேப்பர் தள்ளும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி ஆன் செய்யுங்கள். பெரும்பாலான மாடல்கள் ஒரு சோதனைச் சீட்டைக் கக்கும். அதில் இணைப்பு வேகம், இயல்பான கோட் பேஜ், நெட்வொர்க் மாடலாக இருந்தால் ஐபி முகவரி எல்லாம் இருக்கும். அந்தச் சீட்டு சுத்தமாக வந்துவிட்டால் பேப்பர், ஹெட், மின்சாரம் மூன்றும் சரி. மீதிப் பிரச்சினை உங்கள் பக்கம்தான். பேப்பரைத் தலைகீழாகப் போட்டிருந்தால் சீட்டு வெள்ளையாகவே வரும், ஏனென்றால் சூட்டுக்குக் கறுக்கும் பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கிறது. நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் ஹெட்டைப் பார்க்க வேண்டும்.

பைட்டுகளைப் பிரிண்டரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி இணைப்பைப் பொறுத்தது. நெட்வொர்க் பிரிண்டர்தான் எல்லாவற்றிலும் சுலபம்: அதன் ஐபி முகவரியில் 9100 என்ற போர்ட்டுக்கு ஒரு டிசிபி இணைப்பு திறந்து பைட்டுகளைக் கொட்டினால் போதும், டிரைவரே வேண்டாம். லினக்ஸில் யுஎஸ்பி பிரிண்டர் ஒரு கோப்பாகவே தெரியும். அதைத் திறந்து எழுதலாம், உங்கள் பயனர் கணக்கு எல்பி குழுவில் இருக்க வேண்டும். விண்டோஸில் பிரிண்டரை வழக்கம்போல் நிறுவிவிட்டு, ஸ்பூலருக்கு (அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸின் பகுதி) வேலையை அனுப்பும்போது அதன் வகையை ரா என்று குறிப்பிடுங்கள்; அப்போது டிரைவர் தலையிடாமல் பைட்டுகளை அப்படியே கடத்திவிடும். உங்கள் பைட்டுகள் கட்டளையாக வேலை செய்யாமல் எழுத்தாகவே அச்சாகி வந்தால் ரா என்பதை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பைதான்-எஸ்க்பாஸ் என்ற லைப்ரரி இந்த இணைப்புகளில் பெரும்பாலானவற்றைக் கவனித்துக்கொள்ளும். அதைப் பயன்படுத்துங்கள், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். இல்லையென்றால் கோளாறு வரும் நாளில் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

உள்ளே நடப்பது எஸ்க்-பாஸ் என்ற கட்டளை மொழி. எப்சன் உருவாக்கியது, மற்ற தயாரிப்பாளர்களும் அதையே பின்பற்றுகிறார்கள். ஸ்டார் போன்ற சிலர் தங்களுக்கென்று தனி மொழி வைத்திருந்தாலும் பல மாடல்களில் எஸ்க்-பாஸுக்கு மாற்றிக்கொள்ளலாம். கட்டளைகளில் பெரும்பாலானவை 27 அல்லது 29 என்ற பைட்டில் தொடங்கும். பயந்துகொள்ளத் தேவையில்லை, ஒரு சின்ன பில்லையே பார்த்துவிடலாம். எல்லாம் தசம எண்கள்:

27 64
27 97 1
29 33 17
66 73 76 76 10
29 33 0
27 97 0
29 86 66 0

மொத்தம் 23 பைட். முதல் வரி பிரிண்டரை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருகிறது. இரண்டாவது, நடுவில் வை. மூன்றாவது, எழுத்தை அகலத்திலும் உயரத்திலும் இரட்டிப்பாக்கு. நான்காவது வரி ஆங்கிலத்தில் பில் என்ற நான்கு எழுத்து, கூடவே வரி முடிவு. பிறகு எழுத்தளவைப் பழையபடி ஆக்கு, இடது பக்கம் திரும்பு, வெட்டும் இடம் வரை பேப்பரைத் தள்ளி வெட்டு. இந்த 23 பைட்டை அனுப்பி ஒரு துண்டுச் சீட்டு வெட்டி விழுந்துவிட்டால் கடினமான பாதியைத் தாண்டிவிட்டீர்கள்.

இதில் இரண்டு இடங்களில் எல்லோரும் ஒருமுறையாவது மாட்டுகிறார்கள். ஒன்று அந்த 10. அதை விட்டுவிட்டால் கடைசி வரி பிரிண்டரின் பஃபரிலேயே (தற்காலிக நினைவகம்) தங்கிவிடும். அடுத்த பில்லின் தொடக்கத்தில் 27 64 இல்லையென்றால் அது அந்தப் பில்லின் தலையில் வந்து உட்காரும். கட்டரும் வேலை செய்யாது, ஏனென்றால் எப்சனின் விதிப்படி வெட்டும் கட்டளை ஒரு வரியின் தொடக்கத்தில்தான் பலிக்கும். உங்கள் கட்டர் வெட்டாததற்கு இதுவாக இருக்கலாம், அல்லது பிடிஎஃப் வழியில் போனதால் வெட்டும் கட்டளையே போகாமல் இருந்திருக்கலாம். மற்றொன்று, பேப்பரைத் தள்ளிவிட்டு வெட்டச் சொல்லும் அந்த 66. கட்டர், பிரிண்ட் ஹெட்டுக்குச் சற்று மேலே இருக்கிறது. தள்ளாமல் வெட்டச் சொன்னால் (29 86 0) கடைசி சில வரிகள் வெட்டுக்குக் கீழே உள்ளேயே நின்றுவிடும். வாடிக்கையாளர் கையில் மொத்தத் தொகை இல்லாத பில் போய்ச் சேரும்.

27 64 எதற்கு என்று கேட்கலாம். தடித்த எழுத்து, பெரிய எழுத்து போன்றவை ஒருமுறை போட்டால் ஒட்டிக்கொண்டே இருக்கும். நடுவில் நின்றுபோன ஒரு பில் விட்டுச்சென்ற கோலத்தில்தான் அடுத்தது தொடங்கும். அதனால் ஒவ்வொரு பில்லையும் 27 64-இல் தொடங்குங்கள்.

ஆங்கிலப் பில்லின் பத்திகளை ஒழுங்குபடுத்துவது வெறும் இடைவெளிக் கணக்கு. இயல்பான எழுத்தின் அகலம் 12 புள்ளி. 576-இல் 48 எழுத்து, 384-இல் 32. பெயருக்கு 28, அளவுக்கு 6, தொகைக்கு 14 என்று பிரித்து, தொகையை வலது பக்கம் ஒட்டவைத்தால் முடிந்தது. இரட்டிப்பு எழுத்தில் 48 என்பது 24 ஆகிவிடும் என்பதை மறக்காதீர்கள்.

சரி, கிரேக்க எழுத்துக்கு வருவோம்.

க என்ற எழுத்து, யூனிகோட் எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்: 224 174 149. பிரிண்டருக்கு யுடிஎஃப்-8 தெரியாது. அது ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று, தன் கோட் பேஜ் அட்டவணையைப் பார்த்து அடிக்கிறது. பழைய 437-ஆம் அட்டவணையில் 224 என்பது ஆல்ஃபா, 174 என்பது இடது பக்க இரட்டைக் கோண மேற்கோள், 149 என்பது தலையில் சாய்கோடு போட்ட ஓ. தமிழ் எழுத்துகள் எல்லாமே 224-இல் தொடங்கி அடுத்து 174 அல்லது 175 வருபவை. அதனால் எந்தத் தமிழ்ச் சொல்லை அனுப்பினாலும் மூன்றுக்கு ஒருமுறை ஆல்ஃபாவும் அதன் பின்னால் ஒரு கோண மேற்கோளும் வந்துகொண்டே இருக்கும். இந்தக் கோலத்தைப் பார்த்தால் உங்கள் பைட்டுகள் பழுதில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கின்றன, படிக்கத்தான் ஆளில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். கேள்விக்குறிகளாக வந்தால் கதை வேறு: பிரிண்டருக்குப் போகும் முன்பே உங்கள் நிரலோ லைப்ரரியோ எழுத்தைத் தொலைத்துவிட்டது. சீன எழுத்துகள் வந்தால் பிரிண்டர் இரண்டு இரண்டு பைட்டாகச் சேர்த்துப் படிக்கும் நிலையில் இருக்கிறது. 28 46 என்று அனுப்பினால் அந்த நிலை போய்விடும். அப்போதும் தமிழ் வராது, ஆல்ஃபாதான் வரும்.

தமிழுக்கான கோட் பேஜ் எப்சனின் பட்டியலில் இருக்கவே செய்கிறது. ஆனால் எல்லா மாடல்களிலும் கிடையாது. உங்கள் பிரிண்டரில் இருந்தாலும் நாளை அது பழுதாகி வேறொன்று வாங்கும்போது அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. நிரலை ஒரு குறிப்பிட்ட பெட்டிக்கு அடிமையாக்குவதைவிடப் படமாக அனுப்புவது மேல்.

படம் வரையும்போது முதல் கண்ணி எழுத்து அமைப்பு. பில்லில் தவறாமல் வரும் சொல்லையே எடுத்துக்கொள்வோம்: மொத்தம். நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் ஏழு குறியீடு, யுடிஎஃப்-8 முறையில் 21 பைட். இந்த ஏழு குறியீட்டையும் வந்த வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தால் முதலில் ம, அப்புறம் கொம்பும் காலும் என்று வரும். கொம்பு ம-வுக்கு முன்னால் போகாது. சரியாக வர, எழுத்துகளை இடம் மாற்றிப் பொருத்தும் ஒரு பொறி வேண்டும். ஹார்ஃப்பஸ் என்பது அப்படி ஒன்று. பைதானில் படம் வரையப் பயன்படும் பில்லோ லைப்ரரி, ராக்ம் என்ற இன்னொரு லைப்ரரி வழியாக ஹார்ஃப்பஸைக் கூப்பிடும். ராக்முக்கு ஃப்ரீபிடி என்று ஒரு துணை தேவை. அது கணினியில் இல்லையென்றால் பில்லோ சண்டை போடாது, எச்சரிக்காது. சத்தமில்லாமல் பழைய நேர்வரிசை முறைக்கே திரும்பிவிடும். உங்கள் லினக்ஸ் கணினியில் ஒழுங்காக வந்த தமிழ், கவுண்டரில் இருக்கும் விண்டோஸ் கணினியில் கொம்பு பிசகி வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ராக்ம் இருக்கிறதா என்று பில்லோவையே கேட்க வழி உண்டு. நிரல் தொடங்கும்போதே கேட்டு, இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் பில்லை ஹெச்டிஎம்எல்லில் 576 பிக்சல் அகலத்துக்கு எழுதி, திரையில்லாமல் ஓடும் குரோமியம் பிரவுசரை வைத்துப் படம் எடுத்துவிடலாம். பிரவுசருக்குத் தமிழ் அமைப்பு கைவந்த கலை. அட்டவணை, வரி மடிப்பு எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு பில்லுக்கும் பிரவுசரைப் புதிதாகத் திறந்தால் மெதுவாக இருக்கும், ஒரே பிரவுசரைத் திறந்தே வைத்திருங்கள். ஆண்ட்ராய்டில் எழுதுபவர்களுக்குக் கவலையே இல்லை, அங்கே கேன்வாஸில் வரையும் தமிழ் தானாகவே சரியாக வரும். என் விருப்பத்தைக் கேட்டால், பில் வடிவம் அடிக்கடி மாறும் இடத்தில் ஹெச்டிஎம்எல், நிலையான பில்லுக்குப் பில்லோ.

பில்லோவிலேயே வரைவதானால் ஆங்கிலத்துக்குச் செய்த 48 பத்திக் கணக்கை மறந்துவிடுங்கள். தமிழில் சொல்லின் நீளத்தைக் குறியீடுகளை எண்ணிச் சொல்ல முடியாது. அந்தச் சொல் எத்தனை பிக்சல் பிடிக்கிறது என்று ஃபான்ட்டிடமே கேட்டு அளந்து, தொகையை வலது ஓரத்திலிருந்து பின்னோக்கி வரையுங்கள். பெயர் நீளமாக இருந்தால் இடைவெளி பார்த்து மடியுங்கள். ஒற்றைச் சொல்லே பத்தியைத் தாண்டினால் முழு எழுத்து முடியும் இடத்தில் வெட்டுங்கள். ஓர் எழுத்தின் குறியீடுகளுக்கு நடுவில் வெட்டினால் புள்ளியோ கொக்கியோ அடுத்த வரியின் தொடக்கத்தில் ஒரு புள்ளி வட்டத்தின் மேல் அநாதையாக உட்கார்ந்திருக்கும்.

எழுத்தளவு 24 பிக்சலுக்குக் கீழே போனால் ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். 26, 28 வைத்துப் பாருங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட்டில் சாதாரண எடையைவிட ஒரு படி தடித்ததை எடுங்கள், ஏனென்றால் தெர்மல் ஹெட்டில் மெல்லிய கோடு விட்டுவிட்டு விழும்.

அடுத்த கண்ணி, சாம்பல். திரைக்கு வரையும் எழுத்தின் ஓரங்கள் வழவழப்பாகத் தெரிய சாம்பல் பிக்சல்கள் சேர்க்கப்படும். பிரிண்டருக்கு ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. பில்லோவில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றச் சொன்னால், எதுவும் குறிப்பிடாத பட்சத்தில் அது ஃபிளாய்ட்-ஸ்டைன்பர்க் முறையில் சாம்பலைப் புள்ளிகளாகச் சிதறடிக்கும். புகைப்படத்துக்கு அருமையான முறை. எழுத்துக்குப் போட்டால் ஓரமெல்லாம் பூச்சி அரித்த மாதிரி ஆகிவிடும். எழுத்துக்கு வெறும் எல்லைக்கோடு போதும்: 0 முதல் 255 வரையான அளவில் 160-க்குக் கீழே இருப்பதெல்லாம் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. அந்த எண்ணை ஏற்றினால் எழுத்து தடிக்கும், இறக்கினால் மெலியும்.

இப்போது படத்தை அனுப்பும் கட்டளை. 576 பிக்சல் அகலம், 24 பிக்சல் உயரம் உள்ள ஒரு பட்டைக்கு:

29 118 48 0 72 0 24 0

பின்னால் சரியாக 1728 பைட் படத் தரவு வர வேண்டும். 72 என்பது ஒரு வரிக்கு எத்தனை பைட் என்பது. பைட்டுக்கு எட்டுப் புள்ளி என்பதால் 576-ஐ 8-ஆல் வகுத்தது. 24 என்பது வரிகள். 72-ஐ 24-ஆல் பெருக்கினால் 1728. அகலத்துக்கும் உயரத்துக்கும் இரண்டிரண்டு பைட் ஒதுக்கப்பட்டிருக்கிறது, சிறியது முன்னால். உயரம் 300 என்றால் 44 1 என்று எழுத வேண்டும் (44 + 1 × 256).

இந்த எண்ணிக்கையில் பிரிண்டர் ஈவிரக்கம் பார்க்காது. ஒரு பைட் குறைவாக அனுப்பினால், பின்னால் வரும் கட்டளையின் முதல் பைட்டையும் படம் என்று நினைத்து விழுங்கிவிடும்; மிச்சக் கட்டளை குப்பை எழுத்தாக வரும். அதிகமாக அனுப்பினால் மிகுந்ததெல்லாம் குப்பை எழுத்து.

நான் மாட்டிய கதையைச் சொன்னால் உங்களுக்கு நேரம் மிச்சம். முதல்முறை எழுதியபோது ஓரத்தில் கொஞ்சம் இடம் விடலாம் என்று படத்தின் அகலத்தை 570 ஆக்கினேன். 570-ஐ 8-ஆல் வகுத்து முழு எண்ணை எடுத்தால் 71. கட்டளையில் 71 என்று போட்டேன். பில்லோவோ ஒவ்வொரு வரியையும் முழு பைட்டுக்கு நிரப்பி 72 பைட்டாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. பிரிண்டர் 71 எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியிலும் கடைசி பைட்டை அடுத்த வரியின் தலையில் வைத்தது. முதல் வரி நேராக, இரண்டாவது 8 புள்ளி வலது பக்கம் தள்ளி, மூன்றாவது 16 புள்ளி தள்ளி... பில் முழுவதும் காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி வலது பக்கம் சரிந்து வந்தது. கடைசியில் வரிக்கு ஒன்று வீதம் மிஞ்சிய பைட்டுகள் குறிகளாகக் கொட்டின. நான் பிரிண்டரின் ரோலர் கோளாறு என்று நினைத்து அரை நாள் பேப்பரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். சாய்ந்து வரும் படத்துக்கு ரோலரைத் திட்டாதீர்கள், வகுத்தலைப் பாருங்கள். சரியான கணக்கு இது:

வரிபைட் = (அகலம் + 7) ÷ 8, மீதியைத் தள்ளிவிட்டு

அதைவிட நல்ல வழி, படத்தை எப்போதும் 576-லேயே வரைந்து ஓரத்தை உள்ளுக்குள் விடுவது.

இன்னொன்றும் இதே இடத்தில் காத்திருக்கிறது. பில்லோவின் ஒரு பிட் படத்தில் 1 என்றால் வெள்ளை. பிரிண்டருக்கு 1 என்றால் கறுப்பு. தலைகீழாக மாற்ற மறந்தால் கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாகப் பில் வரும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஹெட் முழு அகலத்துக்கும் சூடேறி மின்சாரத்தை இழுக்கும், மட்டமான பவர் அடாப்டர் என்றால் பாதியில் பிரிண்டர் அணைந்து மறுபடி தொடங்கும்.

ஏன் 24 வரிப் பட்டைகளாக வெட்டுகிறேன் என்றால், விலை குறைந்த பிரிண்டர்களில் பஃபர் சிறியது. முழுப் பில்லையும் ஒரே படமாக அனுப்பினால் சிலது பாதியில் திணறிவிடும். பட்டையாக அனுப்பினால் எல்லாவற்றிலும் ஓடும். பட்டைகளுக்கு நடுவில் 10 போடாதீர்கள். வெள்ளைக் கோடு விழும்.

வேகத்தைப் பற்றியும் கொஞ்சம். 150 மில்லிமீட்டர் நீளப் பில் என்றால் 1200 வரி, வரிக்கு 72 பைட், மொத்தம் 86,400 பைட். அதே பில் வெறும் எழுத்தாக இருந்தால் இரண்டாயிரம் பைட் தேறும். நெட்வொர்க்கிலும் யுஎஸ்பியிலும் இந்த வித்தியாசம் உறைக்காது. பழைய சீரியல் இணைப்பில் 9600 வேகத்தில் நொடிக்கு 960 பைட்தான் போகும்: படம் போய்ச் சேர ஒன்றரை நிமிடம்! வரிசையில் நிற்பவர்கள் உங்களைப் பார்க்கும் பார்வையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 115200-க்கு மாற்றினால் ஏழரை நொடி. மாற்ற முடியாத பெட்டியாக இருந்தால் கலந்து அடியுங்கள்: தமிழ் தேவைப்படும் வரிகளை மட்டும் படமாகவும், எண்ணும் ஆங்கிலமும் உள்ள வரிகளை எழுத்தாகவும். ஒரே வரிக்குள் இரண்டையும் கலக்க இந்தக் கட்டளையில் முடியாது. க்யூஆர் குறியீட்டைப் படமாக வரையவே வேண்டாம், பெரும்பாலான மாடல்களில் அதற்குத் தனிக் கட்டளை இருக்கிறது. பைதான்-எஸ்க்பாஸ் அதைக் கட்டிக்கொடுத்துவிடும்.

பில் அச்சாகிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிறைய பேர் கேட்க மறக்கும் கேள்வி. 9100 போர்ட்டுக்குப் பைட்டுகள் பிழையில்லாமல் போய்விட்டன என்பதற்கு, அவை கணினியை விட்டுக் கிளம்பிவிட்டன என்பதைத் தாண்டி அர்த்தமில்லை. பேப்பர் தீர்ந்திருக்கலாம், மூடி திறந்திருக்கலாம். 16 4 4 என்று மூன்று பைட் அனுப்பினால் பேப்பர் நிலையை ஒரு பைட்டாகத் திருப்பித் தரும். 18 வந்தால் நலம். 30 வந்தால் ரோல் முடியப்போகிறது. 114 அல்லது 126 வந்தால் பேப்பர் இல்லை. பில்லுக்கு முன்னால் ஒருமுறை இதைக் கேளுங்கள். இது வரிசையில் நிற்காமல் உடனே பதில் வாங்கும் கட்டளை. முடிந்துவிட்டதா என்று தெரிய, பில்லின் கடைசியில் 29 114 1 சேர்த்து அனுப்புங்கள். அது மற்ற பைட்டுகளுக்குப் பின்னால் வரிசையில் காத்திருந்து, தன் முறை வந்த பிறகே பதில் தரும். பதில் வரவில்லையென்றால் பில் முழுதாக வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் ஸ்பூலர் வழியாகப் போனால் இந்தப் பதில்களைப் படிப்பது பெரும்பாடு. நெட்வொர்க் பிரிண்டரை நான் சிபாரிசு செய்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அந்த உடனடிக் கட்டளைகளுக்கு ஒரு விநோதப் பக்கமும் உண்டு. பிரிண்டர் அவற்றைப் படத் தரவுக்குள் இருந்தால்கூட அடையாளம் கண்டு நிறைவேற்றிவிடக்கூடும். எப்போதாவது ஒரே ஒரு பில் மட்டும், அடிக்கடி அல்ல, காரணமில்லாமல் நடுவில் ஏதோ செய்தால், படத்தின் பைட்டுகளில் தற்செயலாக 16 4 அல்லது 16 20 என்ற தொடர் விழுந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். 16 20 என்பதில் தொடங்கும் கட்டளைகளில் ஒன்று பண டிராயரைத் திறப்பது.

டிராயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதை முறையாகத் திறக்க 27 112 0 25 250. கடைசி இரண்டு எண்களும் 2 மில்லிநொடிக் கணக்கில்: 50 மில்லிநொடி மின்சாரம் கொடு, 500 மில்லிநொடி நிறுத்து. பில்லுக்கு முன்னாலேயே இதை அனுப்பிவிட்டால் பில் அடிக்கும் நேரத்துக்குள் சில்லறை எடுத்துவிடலாம்.

நிரலின் அமைப்பில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். பில்லைத் தரவுத்தளத்தில் சேமித்து முடித்த பிறகே அச்சுக்கு அனுப்புங்கள். அச்சு தோற்றால் பில்லை ரத்து செய்யாதீர்கள், மறுபடி அடிக்கும் பொத்தான் ஒன்று வையுங்கள், இரண்டாவது முறை அடிப்பதில் நகல் என்று போடுங்கள். இரண்டு மூன்று கணினிகள் ஒரே நெட்வொர்க் பிரிண்டருக்கு அடிப்பதானால் நடுவில் ஒரு வரிசை வைத்து ஒவ்வொன்றாக அனுப்புங்கள். பல பிரிண்டர்கள் ஒரு நேரத்தில் ஓர் இணைப்பைத்தான் ஏற்கும், முதல் நிரல் இணைப்பை மூட மறந்தால் மற்றவையெல்லாம் வெளியே நிற்கும்.

நீங்கள் ஆவணங்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். தெர்மல் பேப்பரில் மை இல்லை, பூச்சுதான் கறுக்கிறது. சூடு, வெளிச்சம், பிளாஸ்டிக் உறை இவற்றில் வைத்தால் வெளுத்துவிடும். வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய உத்தரவாதச் சீட்டு மாதிரியானவற்றுக்கு உங்கள் பழைய பிடிஎஃப்பை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், மின்னஞ்சலில் அனுப்ப அது போதும். இன்றைக்கு அந்த 23 பைட்டை அனுப்பிப் பாருங்கள். சீட்டு வெட்டி விழுந்ததும் அடுத்து மொத்தம் என்ற ஒரே சொல்லைப் படமாக அடியுங்கள். கொம்பு ம-வுக்கு முன்னால் நின்றால் மீதிப் பில்லை எழுதத் தொடங்கலாம்.